செயின் கழலப் பாத்திச்சி

வானொலி நாடகம் எழுதுகிறவர்களுக்கு ஒரு தொழில் வியாதி உண்டு. கேட்பவரால் எதையும் பார்க்க முடியாது என்பதால், எல்லாவற்றையும் பாத்திரங்களின் வாயில் திணித்து அனுப்பிவிடுவார்கள். "அடடே, வெளியே இப்படி மழை கொட்டுகிறதே! குடையும் இல்லாமல் தொப்பலாக நனைந்து வந்திருக்கிறீர்களே!" என்பாள் மனைவி. எந்த வீட்டில் எந்த மனைவி இப்படிப் பேசியிருக்கிறாள்? துண்டைத் தூக்கி அவர் மேல் போட்டுவிட்டு, "அரிசி வாங்கினீங்களா?" என்றுதான் கேட்பாள்.

நல்ல நாடக ஆசிரியர்களுக்கு இது தெரியும். ரேடியோ 6 காலத்து நாடகங்களைக் கேட்டு வளர்ந்தவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். அவர்கள் நினைவில் நிற்பது பெரும்பாலும் நீண்ட வசனமாக இருக்காது. தகரக் கூரையில் மழைச் சத்தம், கதவு திறக்கும் சத்தம், ஒரு பெருமூச்சு, அதன் பிறகு அந்த அரிசிக் கேள்வி. அவ்வளவுதான். மழையை ஒலி சொல்லிவிட்டது. மனைவியின் கோபத்தை அரிசி சொல்லிவிட்டது.

நேயர்கள் சிலர் தாங்கள் எழுதிய கதைகளை எனக்கு அனுப்புவதுண்டு. கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், பிள்ளைகள் வளர்ந்த பிறகு எழுத உட்கார்ந்த அம்மாக்கள். எல்லாரும் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: ஒரு காட்சியில் உரையாடல் எவ்வளவு இருக்க வேண்டும், வருணனை எவ்வளவு இருக்க வேண்டும்? சாம்பாருக்குப் புளி அளவு கேட்பது மாதிரி. பாதிக்குப் பாதி என்று சொன்னால் சந்தோஷமாகப் போய்விடுவார்கள். ஆனால் அளவைவிட, எதை வாயில் வைப்பது, எதைக் கையில் வைப்பது என்பதுதான் சிக்கல்.

இந்தக் கேள்வி நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1950-51இல் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் சேர்ந்து 'கதை வகுப்பு' நடத்தினார்கள். கதை எழுதுவது எப்படி என்று ஒரு நாளிதழ் தன் வாசகர்களுக்குப் பாடம் எடுத்தது. நான் பல்கலைக்கழகத்தில் ஊடகம் படித்தபோது திரைக்கதைக்கென்று தனி வகுப்பு இருந்தது, குளிர்சாதன அறையும் இருந்தது. அந்தக் கதை வகுப்பில் சேர ஒரு பத்திரிகையும் ஒரு பேனாவும் போதும். நம் சிறுகதையின் தொடக்க காலத்தைப் பேசும் எவரும் இதைத் தாண்டிப் போக முடியாது.

அடுத்து 1952இல் கு. அழகிரிசாமி தமிழகத்திலிருந்து வந்து அதே 'தமிழ் நேச'னில் பொறுப்பேற்றார். 1957 வரை கோலாலம்பூரில் இருந்தார். இலக்கிய வட்டம் என்று கூட்டி, இங்குள்ளவர்களின் கதைகளை எடுத்துப் பேசினார். பின்னாளில், 1970இல், அவருக்குச் சாகித்திய அகாதமி விருது வாங்கித் தந்த தொகுப்பின் பெயர் 'அன்பளிப்பு'. அந்தப் பெயருடைய கதையைப் படிக்காதவர்கள் தேடிப் படியுங்கள். பிள்ளைகளோடு நெருங்கிப் பழகும் ஒருவர் சிலருக்கு மட்டும் டைரி கொடுக்கிறார். சாரங்கன் என்ற பையனுக்குக் கிடைக்கவில்லை. அவன் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்து உபசரித்துவிட்டு, தானே தேடிக்கொண்ட ஒரு டைரியை நீட்டி, அவர் தனக்கு அன்பளிப்பாகத் தந்ததாக எழுதித் தரச் சொல்கிறான். அந்த இடத்தில் தொண்டை அடைக்காதவர்கள் குறைவு. பையனின் மனசு அவன் பேச்சில் இல்லை, அந்த டைரியில் இருக்கிறது.

சரி, கதையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தால் காட்சி வராது. ஒன்றை எழுதிப் பார்ப்போம். கற்பனைக்கு எங்கேயும் போக வேண்டாம், கிள்ளானுக்குப் போனால் போதும்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம் பலருக்குத் தெரிந்திருக்கும். தலைமை தாங்கியவர்களில் முக்கியமானவர் 'தமிழ் நேச'னில் பணியாற்றிய ஆர்.எச். நாதன். மே மாதம் அவரைக் கைது செய்தார்கள், பிறகு நாடு கடத்தினார்கள். படை வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர்கள் சிலர் உயிரிழந்தார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகளில் சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம் இருந்தது. பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்துவது, கள்ளு விற்பனையை ஒழிப்பது, உறவினர்கள் தடையின்றி வந்து போவது, இவையும் இருந்தன. அந்தப் பட்டியலில் ஒன்று என்னை எப்போதும் நிறுத்திவிடும். வெள்ளைக்கார நிர்வாகியோ தோட்டத்து அதிகாரியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

சம்பளம், மருத்துவம், கல்வியோடு சேர்த்து சைக்கிள். ஒரு வேலைநிறுத்தக் கோரிக்கையாக அதை எழுதும் அளவுக்கு அது எத்தனை பேருக்கு எத்தனை நாள் உறுத்தியிருக்க வேண்டும்!

இதைக் காட்சியாக எழுதச் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் இப்படித்தான் எழுதுவோம்:

"மகனே, நாம் ஏன் இறங்கினோம் தெரியுமா? துரைக்கு முன்னால் நாம் சைக்கிளில் போகக் கூடாது. நாம் அடிமைகளடா!" என்று கண்ணீர் மல்கக் கூறினார் தந்தை. "அப்பா, இந்த அநீதிக்கு என்றுதான் முடிவு?" என்று கேட்டான் சிறுவன்.

சொல்லப்பட்டது அத்தனையும் உண்மைதான். ஆனால் எட்டு வயதுப் பையன் தலையங்கம் பேசுகிறான். அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே நாம் மைக்கை நீட்டிக்கொண்டு நிற்பது தெரிகிறது. அதைவிட முக்கியமாக, அவமானப்பட்ட ஒரு மனிதர் அந்த அவமானத்தைத் தன் பிள்ளையிடம் இவ்வளவு தெளிவாக விளக்குவாரா? மறைக்கத்தான் பார்ப்பார். நான் எழுதிப் பார்த்தது இது:

முந்தின நாள் மழைத் தண்ணீர் செம்மண் பாதையின் வண்டித் தடத்தில் இன்னும் தேங்கிக் கிடந்தது. பையன் பின்னால் கேரியரில், மடித்துப் போட்ட சாக்கின் மேல் உட்கார்ந்து அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான். நேற்றுதான் சம்பளம். டவுனுக்குப் போனால் மிட்டாய் உண்டு.

ரப்பர் மரங்களுக்கு அந்தப் பக்கம் காடிச் சத்தம் கேட்டது. அப்பா மிதிப்பதை நிறுத்தினார்.

"எறங்கு."

"வந்துட்டமாப்பா?"

"எறங்குடா."

சைக்கிளை ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டுத் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். கறுப்புக் காடி வந்தது. பின் சீட்டில் இருந்தவர் ஏதோ காகிதம் படித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. தடத்துத் தண்ணீர் எழும்பி அப்பாவின் வேட்டியில் விழுந்தது.

காடி போன பிறகும் அவர் ஏறவில்லை.

"ஏம்ப்பா எறங்குனோம்?"

அப்பா குந்தி உட்கார்ந்து செயினைத் தொட்டுப் பார்த்தார்.

"செயின் கழண்டுக்கிச்சி."

பையனும் குனிந்து பார்த்தான்.

"கழலலியேப்பா."

"கழலப் பாத்திச்சி. ஏறு."

விரலில் ஒட்டிய மசகைப் புல்லில் தேய்த்தார். முழுசாகப் போகவில்லை.

திரும்பி வரும்போது பையன் வாயில் மிட்டாய் இருந்தது. அந்த வளைவுக்கு முன்னாலேயே சத்தம் அவனுக்குத்தான் முதலில் கேட்டது. அப்பா பிரேக் பிடிப்பதற்குள் குதித்து இறங்கி, பின்சக்கரத்துப் பக்கத்தில் குந்திக்கொண்டான்.

"செயினுப்பா" என்றான்.

அப்பா துண்டைத் தலையிலிருந்து எடுத்தார்.

இதைப் பெரிய இலக்கியம் என்று சொல்ல வரவில்லை. பிரித்துப் பார்ப்பதற்கு வசதியான ஒன்று, அவ்வளவுதான். இதில் பேச்சு முழுவதும் செயினைப் பற்றியது. துரை என்ற சொல்கூடக் கிடையாது. "ஏம்ப்பா எறங்குனோம்?" என்ற கேள்விக்குப் பதில் வாய் வழியாக வரும் முன்பே கை செயினுக்குப் போய்விடுகிறது. காடிக்குள் இருந்தவரை முதலில் ஒரு முறை முறைக்க வைத்தேன். உடனே காட்சி அவருடையதாகிவிட்டது. அவர் நிமிரவே இல்லை என்று மாற்றியதும்தான் அப்பா பக்கம் திரும்பியது. தன்னை மதிக்காதவரைவிட, தன்னைப் பார்க்கவே செய்யாத ஒருவருக்காக இறங்கி நிற்பது இன்னும் கனமானது.

பையனுக்குப் புரிந்துவிட்டதா? அப்பாவைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தானா, இல்லை அந்த இடத்தில் செயின் கழலும் என்று நிஜமாகவே நம்பினானா? எனக்கே தெரியாது. தெரிந்துகொண்டு எழுதியிருந்தால், "அவன் கண்களில் ஒரு புரிதல் மின்னியது" என்று ஒரு வரி போட்டிருப்பேன். அந்த வரி காட்சியைக் கொன்றிருக்கும்.

வானொலியில் மூன்று விநாடி மௌனம் வந்தால் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். அதனால் எங்களுக்கு மௌனம் என்றாலே பயம். தாளில் அந்தப் பயம் வேண்டாம். ஒருவர் பதில் சொல்லாத இடத்தில் அவர் கை என்ன செய்தது என்று எழுதுங்கள். வருணனைக்கு உரிய இடம் அதுதான். காட்சி தொடங்குமுன் ஒரு பத்தி முழுக்க வானத்தையும் மரங்களையும் வரிசைப்படுத்திவிட்டு, பிறகு பேச்சை ஆரம்பித்து, கடைசி வரை எதையும் பார்க்காமல் போவது பழக்கமாகிவிட்டது. எஸ்.பி.எம். கட்டுரையில் படித்த பழக்கம் என்று நினைக்கிறேன். மதிப்பெண் அங்கே முடிந்துவிட்டது, விட்டுவிடலாம்.

இன்னொன்று, 'செயின்'. அதைச் 'சங்கிலி' என்று திருத்தச் சொல்லி யாராவது எழுதுவார்கள். நல்ல தமிழ் மீது எனக்கும் ஆசை உண்டு, அறிவிப்பு வாசிக்கும்போது ஒவ்வொரு சொல்லையும் பார்த்துத்தான் வாசிக்கிறேன். ஆனால் அந்த அப்பா "சங்கிலி கழன்றுகொண்டது" என்று சொன்னால் அவர் தோட்டத்து ஆளே இல்லை, பேச்சுப் போட்டிக்கு வந்தவர். நம் பேச்சில் காடி இருக்கிறது, பசார் இருக்கிறது, தப்பாவ் இருக்கிறது, வாக்கியத்தின் வாலில் ஒரு 'லா' இருக்கிறது. சென்னைக்காரர் யாழ்ப்பாணத்தார் போலப் பேசினால் சிரிக்கிறோம். நம் கதைகளில் நம் ஆட்கள் மட்டும் சென்னைத் தொலைக்காட்சித் தொடரில் வருகிறவர்களைப் போலப் பேசுகிறார்கள், அதற்கு யாரும் சிரிப்பதில்லை. அதற்காக ஒவ்வொரு சொல்லையும் உச்சரிப்பு மாறாமல் எழுதி வாசகரை எழுத்துக்கூட்ட வைக்கவும் வேண்டாம். ஒரு பேச்சுக்கு இரண்டு மூன்று சொற்கள் வாயிலிருந்து வந்தால் போதும், மற்றவற்றை வாசிப்பவரின் காது தானே மாற்றிக்கொள்ளும்.

காதுக்குப் பயிற்சி வேண்டுமென்றால் பிரிக்பீல்ட்ஸ் போங்கள். அங்கே எழுதப் போகிறவர்கள் எல்லாரும் அந்த அலங்கார வளைவையும் நீரூற்றையும்தான் எழுதுகிறார்கள். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. நடைபாதையில் வழிகாட்டும் மேடுபள்ளக் கற்களில் வெள்ளைக் கோல் தட்டிக்கொண்டு போகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். அவர்களுக்கு ஜாலான் துன் சம்பந்தன் எப்படி இருக்கும் என்று ஒரு பத்து நிமிடம் கண்ணை மூடி நின்று கேளுங்கள். தலைக்கு மேல் மோனோரயில் போகும் ஓசை, அது போன பிறகு மட்டுமே கேட்கிற வடைச் சட்டியின் சலசலப்பு, கேசட் கடையாக இருந்து இப்போது வேறு ஏதோவாகிவிட்ட கடையிலிருந்து இன்னும் வரும் பாட்டு, நெருங்கி வந்து நம்மைக் கண்டு நின்று விலகிப் போகும் கோலின் தட்டல். வருணனை என்றால் கண் மட்டும்தான் என்று யார் சொன்னது?

இளைஞர்கள் சிலர் சொல்வார்கள்: எங்களுக்குத் தோட்டமும் தெரியாது, துரையும் தெரியாது, நாங்கள் எதை எழுதுவது? தென் ஒருங்கிணைந்த முனையத்துக்கு, அதாங்க டி.பி.எஸ்.ஸுக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு போய் நில்லுங்கள். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளையை வழியனுப்ப வந்த அம்மா ஒருவராவது இருப்பார்.

"சார்ஜர் எடுத்தியா?"

"எடுத்துட்டேம்மா."

"ஊறுகா பாட்டில நேரா வெச்சியா?"

"அங்க எல்லா கடையும் இருக்குமா."

"இருக்கும். அவங்க வெள்ளிக்கு எல்லாமே மூணு மடங்கு லா."

பஸ் கதவு மூடும் வரை ஊறுகாயும் சார்ஜரும்தான். பிரிவு, பாசம், ஏக்கம் என்ற சொற்களில் ஒன்றுகூட வராது. நீங்கள் எழுதும்போது தயவுசெய்து அவற்றைச் சேர்த்துவிடாதீர்கள். அந்த அம்மா பஸ் போன பிறகு கைப்பையில் கார் பார்க்கிங் டிக்கெட்டைத் தேடுவார். நான்கு தடவை ஒரே இடத்தில் தேடுவார். அதை எழுதுங்கள்.

பழைய கதைகள் வேண்டுமென்றால் அவசரம் உண்டு. 1941இல் கேரியரில் உட்கார்ந்திருந்த எட்டு வயதுப் பையன் இன்று உயிரோடு இருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருப்பார். கிள்ளானைச் சுற்றி ரப்பர் நின்ற நிலமெல்லாம் வீடமைப்புப் பகுதியாகி, நம்மில் பலர் அங்கேயே மாடி வீடு வாங்கிக் குடியிருக்கிறோம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இப்போதே கேளுங்கள். ஆனால் "அந்தக் காலத்துல ரொம்பக் கஷ்டமா தாத்தா?" என்று கேட்காதீர்கள். நேர்காணல் செய்து செய்து நான் கற்றுக்கொண்டது இது. அப்படிக் கேட்டால், "ஆமாப்பா, ரொம்பக் கஷ்டம்" என்று வரும். பிறகு ஒன்றும் வராது. பொருளைப் பற்றிக் கேளுங்கள். லயத்து வீட்டில் விளக்கு எங்கே மாட்டியிருக்கும்? பெரட்டுக்குப் போகும்போது காண்டா வாளியை எந்தத் தோளில் மாட்டுவார்கள்? பால் வெட்டுகிற கத்தியை இரவில் எங்கே வைப்பார்கள்? விளக்கு இருந்த இடத்தைச் சொல்ல ஆரம்பித்தால் அதன் அடியில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வருவார்கள்.

மேலே இருக்கும் காட்சியை, கிள்ளானில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டினேன். தோட்டத்தில் பிறந்தவர், அப்பா பால்மரம் வெட்டியவர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். துரை, வேலைநிறுத்தம் எதைப் பற்றியும் பேசவில்லை.

"என்னா சைக்கிள் அது? ராலியா?" என்றார்.

"அத நான் எழுதலைங்க ஐயா."

"எங்கப்பாது ராலி. டவுன்ல செகண்ட் ஹேண்டா வாங்குனாரு. தெனம் தொடைப்பாரு. எங்கள ஒக்கார வெக்க மாட்டாரு, கேரியர் வளைஞ்சிடுமாம்."

அடுத்த இருபது நிமிடம் அந்தச் சைக்கிளைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். முன்னால் மாட்டிய விளக்கு, சீட்டுக்கு அடியில் செருகிய துணி, டயர் வெடித்த ஒரு இரவு. பெல் இருந்ததா என்று கேட்டேன்.

"இருந்துச்சி. பளபளன்னு இருக்கும்" என்றார். தேத்தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தார். "அவரு அடிச்சி நான் கேட்டதில்ல."